வாசிக்கப் பிடிக்காத பதின்வயதுப் பிள்ளைகளை நூலகத்துக்குள் கொண்டுவர வீடியோ கேம்: யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

நூலகத்துச் சாவி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பள்ளி நூலகம் ஒன்றைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மணி அடித்ததும் ஓடி வந்து, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தேடுகிறார்கள். 13 வயது ஆனதும்தான் ஏதோ ஆகிவிடுகிறது. லைப்ரரி பீரியடுக்கு வருவார்கள், கைக்கு எட்டிய புத்தகத்தை எடுத்து விரித்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். போன வாரம் ஒரு பையன் நாற்பது நிமிடமும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். அவன் எழுந்து போன பிறகு போய்ப் பார்த்தேன். அது பொருளடக்கப் பக்கம்.

அதே பையன் பக்கத்து நாற்காலிக்காரனிடம் மெல்லிய குரலில் பேசியதையும் கேட்டேன். எந்தக் கல்லை எந்தக் கருவியால் உடைக்கலாம், எவ்வளவு ஆழம் தோண்டினால் எது கிடைக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனான். மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேமாம். இவ்வளவு ஞாபகமும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு வாசிப்பு வராது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதனால் நூலகத்தில் ஒரு கேம் கன்சோல், அதாவது திரையில் இணைத்து விளையாடும் கருவி, வைக்கலாமா என்று யோசிக்கிறேன். தலைமையாசிரியர் உடனே மறுக்கவில்லை, திட்டமாக எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் நினைத்திருப்பது இதுதான்: அரை மணி நேரம் வாசித்தால் ஒரு டோக்கன், அந்த டோக்கனுக்கு அரை மணி நேரம் விளையாட்டு. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.


இரண்டு பிள்ளைகளின் அம்மா

வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

என் மூத்தவனுக்கு 14 வயது. வீட்டில் ஒவ்வொரு ராத்திரியும் ‘இன்னும் பத்து நிமிடம்’ என்ற சண்டைதான். திரை இல்லாத இடம் என்று அவனுக்கு மிச்சம் இருப்பது பள்ளி நூலகம் ஒன்றுதான். அங்கேயும் கேம் வந்துவிட்டால் நான் எங்கே போவேன்? உலக சுகாதார நிறுவனமே கேமிங் கோளாறு என்று ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் அது வரும் என்று நான் சொல்லவில்லை. குறைந்தது ஒரு வருடம் கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு விளையாடுகிறவர்களைத்தான் அது குறிக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் பயம் பயம்தானே.

அப்புறம் இன்னொன்று. கேம் விளையாட வந்த பிள்ளை கேம் விளையாடிவிட்டுப் போகும். நடுவில் புத்தகம் எப்படி வரும்? அந்த ஒரு இடத்தை மட்டும் யாராவது எனக்கு விளக்குங்கள்.


தட்டு அடுக்குபவர்

அம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. நான் அதற்குப் பதில் தெரியாமல் ஒரு வருடம் வீணடித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஆன் ஆர்பர் நகரத்துப் பொது நூலகம் 2004-லேயே கேம் போட்டிகள் நடத்தத் தொடங்கியது. அமெரிக்க நூலகச் சங்கம் 2008 நவம்பரில் தேசிய கேமிங் நாள் என்று ஒன்றை ஆரம்பித்தது. பிறகு அது வேறு நாடுகளுக்கும் பரவியது. இதையெல்லாம் படித்துவிட்டு உற்சாகமாக இறங்கினேன். கன்சோல் வந்தது. நீங்கள் சொல்கிற அதே டோக்கன் ஏற்பாடுதான், அச்சு அசல்.

முதல் மாதம் உட்கார இடம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் மாதம்தான் கவனித்தேன், எல்லோரும் புத்தகத்தைப் பார்ப்பதைவிடச் சுவர்க் கடிகாரத்தை அதிகம் பார்க்கிறார்கள். பக்கம் புரளும் சத்தம் மட்டும் சீராகக் கேட்கும். பெரிய எழுத்து, நிறையப் படம் உள்ள புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள். அதையாவது தாங்கிக்கொண்டேன். ஒரு நாள், எனக்குத் தெரிந்து எந்நேரமும் வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் மேசைக்கு வந்து, “சார், நான் சும்மாவே படிப்பேனே, எனக்கும் டோக்கன் உண்டா?” என்று கேட்டாள். உண்டு என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அவளும் நிமிடக் கணக்கு வைத்துக்கொண்டாள். கன்சோல் பழுதாகி டோக்கன் நின்றதும் அவள் வருவதும் குறைந்துவிட்டது. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் செய்தது. படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா போட்டு வைத்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அதாவது ‘இதைச் செய்தால் அது கிடைக்கும்’ என்ற பேரம்தான் ஆசையைத் தின்றுவிட்டது.

நாம் டோக்கன் கொடுக்கும்போது பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? வாசிப்பு கசப்பு மருந்து, விளையாட்டு அதற்கப்புறம் கிடைக்கும் வெல்லம் என்று நாமே சொல்லிவிடுகிறோம். கேமைக் கைவிடச் சொல்லவில்லை. அந்த டோக்கனைக் கைவிடுங்கள்.


நூலகத்துச் சாவி

படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணைப் போல என்னிடமும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். சரி, டோக்கன் இல்லை. திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன்.

ஆனால் அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. கேமிலிருந்து புத்தகத்துக்கு வழி எங்கே?


மொழி வகுப்பு

மொழி ஆசிரியராக ஒன்று சொல்லட்டுமா? வழி போட வேண்டியதில்லை, பிள்ளைகள் ஏற்கெனவே அதில்தான் நடக்கிறார்கள். நாம்தான் அதை வாசிப்பு என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவன். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடுவான். ஒரு நாள் இடைவேளையில் அவன் கணினியில் ஆழ்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கேமின் விக்கி பக்கம், அதாவது விளையாடுகிறவர்களே சேர்ந்து எழுதும் தகவல் பக்கம். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், அட்டவணையும் அடிக்குறிப்புமாக நீண்டுகொண்டே போனது. அந்தப் பக்கத்தை நான் வகுப்பில் கொடுத்திருந்தால் இந்த வயதுக்கு இது கடினம் என்று என்னையே கடிந்துகொண்டிருப்பார்கள். புரியாத ஒரு வாக்கியத்தை அவன் மூன்று முறை திரும்ப வாசித்ததைப் பின்னால் நின்று பார்த்தேன். உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான். வாசிப்பு என்றால் இதுதானே?

கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையே ஆராய்ந்திருக்கிறார். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று சொல்லப்பட்ட பதின்வயதுப் பையன்கள், தாங்களே தேர்ந்தெடுத்த கேம் தொடர்பான உரைகளை வாசிக்கும்போது தங்கள் வகுப்பு நிலையைத் தாண்டிப் பல படிகள் மேலே போனார்கள். தவறாக வாசித்த இடத்தில் நின்று தாங்களே திருத்திக்கொண்டதுதான் அதற்கு முக்கியக் காரணம். அக்கறை இருந்தால் திரும்பிப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவார்கள்.

பிரிட்டனில் தேசிய எழுத்தறிவு அறக்கட்டளை 11 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நாலாயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டு 2020-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கேம் விளையாடுகிறவர்களில் 79.4 சதவீதம் பேர் மாதம் ஒரு முறையாவது கேம் தொடர்பான ஏதாவது ஒன்றை வாசிக்கிறார்கள். விமர்சனம், வலைப்பதிவு, கேமுக்குள் வரும் செய்திகள், ரசிகர்கள் எழுதும் கதைகள் எல்லாம் அதில் சேரும். புத்தகம் என்று சொன்னவர்கள் ஐந்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டினார்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் நூலகரின் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.


இரண்டு பிள்ளைகளின் அம்மா

என் மகனும் அப்படி ஏதோ வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான், டீச்சர். நான் அதையும் ‘கேம்’ என்றுதான் நினைத்து மூடச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன வாசிக்கிறான் என்று கேட்கப் போகிறேன்.


கடைசி பெஞ்ச் 16

பெரியவர்கள் பேசும் இடத்தில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு 16 வயது. நானும் பொருளடக்கப் பக்கத்தைத் திறந்து வைக்கிற ஆள்தான்.

முதலில் ஒன்று. “உனக்கு என்ன கேம் பிடிக்கும்?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு புத்தகத்தை நீட்டாதீர்கள். அது வலை என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். எங்கள் பள்ளியில் ஒருவர் அப்படிச் செய்தார். அதிலிருந்து அவரிடம் யாரும் கேமைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்டால், நிஜமாகவே கேளுங்கள். இரண்டு வாரம் புத்தகப் பேச்சே எடுக்காமல் கேளுங்கள்.

இரண்டாவது, மைன்கிராஃப்டுக்குள்ளேயே நூலகம் இருக்கிறது, சார். ஆயுதங்களுக்கு மந்திர சக்தி ஏற்ற ஒரு மேசை உண்டு. அதன் முழு பலம் கிடைக்க மேசையைச் சுற்றி 15 புத்தக அலமாரிகள் வைக்க வேண்டும். ஓர் அலமாரிக்கு 3 புத்தகம், 6 மரப் பலகை. ஒரு புத்தகத்துக்கு 3 காகிதம், 1 தோல். காகிதம் வேண்டுமானால் கரும்பு நட வேண்டும். மேசைக்கே ஒரு புத்தகம் போகும். ஆக மொத்தம் 46 புத்தகம், 138 காகிதம், 46 தோல், 90 பலகை. நாங்கள் எல்லோரும் இதை உட்கார்ந்து செய்திருக்கிறோம். புத்தகம் சேர்த்தால் சக்தி கூடும் என்று அந்த கேமே சொல்கிறது, பள்ளி நூலகத்தில் யாரும் எங்களிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மூன்றாவது, அந்த மேசையைத் திறந்தால் வரிவரியாக விசித்திர எழுத்து வரும். அது சும்மா கிறுக்கல் இல்லை, அதற்கு ஒரு நெடுங்கணக்கே இருக்கிறது. 1990-ல் வந்த கமாண்டர் கீன் என்ற பழைய கேமிலிருந்து எடுத்தது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கும் ஒவ்வொரு குறி. நான் 12 வயதில் அதைக் கற்றுக்கொண்டு நோட்டு முழுக்க எழுதினேன். கணக்கு நோட்டு என்பதால் அடி வாங்கினேன். அன்றைக்கு யாராவது ஒருத்தர், ரகசிய எழுத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். நிச்சயமாக.


நூலகத்துச் சாவி

தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். இந்த இழையிலேயே எனக்கு அதிகம் உதவியது உன் பதிவுதான். பெரிய நன்றி.

நேற்று மாலை நூலகத்தைப் பூட்டாமல் உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். ஒரே கேமை எடுத்துக்கொண்டு, அது நம் அலமாரிகளில் எங்கெல்லாம் சிதறிக் கிடக்கிறது என்று பகுப்பு எண் வாரியாக, அதாவது பொருளுக்கு ஏற்பப் புத்தகங்களுக்கு நாங்கள் போடும் எண் வாரியாக, தேடினேன். கனிமங்கள் 549. கட்டடக் கலை 720. கோட்டைகள் 728.81. ரகசிய எழுத்து 652.8. மைன்கிராஃப்டில் ரெட்ஸ்டோன் என்ற சிவப்புப் பொடியை வைத்து மின்சுற்று மாதிரி அமைக்கிறார்களாம், அதற்குத் தர்க்கக் கணிதம் 511.3, மின்பொறியியல் 621.3. தீவில் தனியாக மாட்டிக்கொண்டு பிழைக்கும் கதைகள் இலக்கியத் தட்டில். ராபின்சன் குரூசோ 1719-ல் வந்த கதை, ஆனால் முதல் சில நாள் ராத்திரிக்குள் தங்குமிடம் கட்ட வேண்டும் என்ற பதற்றம் அப்படியே இந்த கேமின் முதல் ராத்திரிதான்.

பகுப்பு எண்ணைப் பார்த்துப் புத்தகம் அடுக்கியே பழகிவிட்டேன். அதனால் ஒரு பையனின் மனதில் ஒன்றாக இருப்பதை நான் ஏழு இடத்தில் பிரித்து வைத்திருக்கிறேன் என்பது இத்தனை வருடமாக உறைக்கவில்லை. இப்போது அவற்றையெல்லாம் எடுத்து ஜன்னல் ஓரத்தில் ஒரே தட்டில் வைத்திருக்கிறேன். ‘வாசியுங்கள்’ என்றெல்லாம் பலகை வைக்கவில்லை. மேலே ஒரு தாளில் ‘15 அலமாரி = ?’ என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.


ஓரத்து நாற்காலி

ஒன்று கவனித்தீர்களா? இதுவரை வந்த பதிவுகளில் பையன், பையன் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். வாசிக்காத பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள், விளையாடும் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். போட்டி என்று அறிவித்து, கன்ட்ரோலரைச் சத்தமாகப் பேசுகிறவன் கையில் கொடுத்துவிட்டால் அவர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் அப்படிப் போனவள்.

எனக்குப் பிடித்தவை கதை கேம்கள். ‘நெவர் அலோன்’ என்று 2014-ல் ஒன்று வந்தது. அலாஸ்காவின் இன்யூபியாட் மக்களோடு சேர்ந்து உருவாக்கியது. ஒரு சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறார்கள். கதை சொல்லும் குரல் அந்த மக்களின் மொழியில் ஒலிக்கும், கீழே வரிகள் ஓடும். வாசித்துக்கொண்டே ஆட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். நடுநடுவே அந்த மக்களே பேசும் சிறு ஆவணப் படங்கள் திறந்துகொள்ளும். அதை ஆடி முடித்த வாரம் துருவப் பகுதி மக்களைப் பற்றி எது கிடைத்தாலும் வாசித்தேன்.

இன்னொன்று ‘80 டேஸ்’. இதுவும் 2014. ழூல் வெர்ன் 1872-ல் செய்தித்தாளில் தொடராக எழுதிய உலகப் பயணக் கதையை, வேலைக்காரன் பாஸ்பார்தூவின் கண் வழியாகத் திருப்பிச் சொல்கிறது. கிட்டத்தட்ட முழுக்க எழுத்துதான். ஐந்து லட்சம் சொற்களுக்கு மேல் அதற்குள் இருக்கிறது. ஒரு தடவை ஆடினால் அதில் கொஞ்சம்தான் கண்ணில் படும், அடுத்த தடவை வேறு ஊர் வழியாகப் போகத் தோன்றும். வாசிப்பதே விளையாட்டாக இருக்கிற இந்த மாதிரி கேமுக்கு டோக்கன் ஏற்பாடு எங்கே பொருந்தும்?


இரண்டு பிள்ளைகளின் அம்மா

அன்றைக்குச் சொன்னபடி மகன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் நெளிந்தான். பிறகு ஒரு மணி நேரம் பேசினான். இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று.

கேமே கூடாது என்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த கேம், யார் முடிவு செய்வது? ரத்தம் தெறிக்கிறதும் காசு பிடுங்குகிறதும் கூடவே வருமே?


தட்டு அடுக்குபவர்

நியாயமான கவலை. பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

வயது முத்திரையைப் பாருங்கள். அந்த முத்திரையைத் தரும் அமைப்பு அமெரிக்காவில் இ.எஸ்.ஆர்.பி., 1994-லிருந்து இருக்கிறது, ஐரோப்பாவில் பெகி, 2003-லிருந்து. பெகி 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படியாகப் பிரிக்கிறது. மைன்கிராஃப்ட் அதில் 7. பிள்ளைகள் பேசிக்கொள்கிற கேம்களில் சில 18 முத்திரை உள்ளவை. அவற்றை நூலகத் திரையில் ஓட விடாதீர்கள். அதே சமயம், பேசவே கூடாது என்று வாயை அடைக்கவும் வேண்டாம். அசாசின்ஸ் கிரீட் என்ற சண்டை கேம் வரிசைக்கு 2018-ல் பண்டைய எகிப்தைச் சுற்றிக் காட்டும் தனிப் பதிப்பு வந்தது, சண்டையே கிடையாது. நகரத்துக்குள் நடந்து போய் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே அதைப் பற்றிய குறிப்புகளை வாசிக்கலாம். அடுத்த வருடம் கிரேக்கத்துக்கும் வந்தது.

இணைய அரட்டை, கேமுக்குள் வாங்குதல் இரண்டையும் முதல் நாளே அமைப்புகளில் மூடிவிடுங்கள். நூலகக் கணக்கில் எந்தப் பண அட்டையும் இணைக்காதீர்கள். ஹெட்போன் கட்டாயம், அமைதியாக வாசிக்க வருகிறவர்களும் நம் பிள்ளைகள்தான். நேர வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான், வாசித்தவன் வாசிக்காதவன் பேதம் கிடையாது. பெற்றோருக்கு ஒரு நாள் திறந்து வைத்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் மறக்காமல் சொல்ல வேண்டும். எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு 2020 மார்ச்சில் மைன்கிராஃப்டுக்குள் ஒரு பிரம்மாண்டமான நூலகத்தையே கட்டித் திறந்தது. பத்திரிகைச் சுதந்திரம் இல்லாத நாடுகளில் தடை செய்யப்பட்ட கட்டுரைகளை, கேமுக்குள் இருக்கும் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். இணையதளத்தைத் தடுக்கிறவர்கள் கேமைத் தடுக்க மறந்துவிட்டார்கள் என்பதுதான் யோசனை. பெரிய வகுப்புப் பிள்ளைகளை அதற்குள் அழைத்துப் போய் ஒரு கட்டுரையை வாசித்துவிட்டு, இதை ஏன் தடை செய்திருப்பார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பீரியட் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.


மொழி வகுப்பு

கன்சோலுக்கு அனுமதி கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி. 1982-ல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் சேர்ந்து ஒரு சாகசக் கதைப் புத்தகம் எழுதினார்கள். 400 பகுதிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ‘கதவைத் திறந்தால் இந்த எண்ணுக்குப் போ, திரும்பினால் அந்த எண்ணுக்குப் போ’ என்று இருக்கும். கூடவே பகடையும் பென்சிலும். அதே லிவிங்ஸ்டன்தான் பிறகு டூம் ரெய்டர் என்ற வீடியோ கேமை வெளியிட்ட ஐடோஸ் நிறுவனத்தின் தலைமையில் இருந்தார். புத்தகத்துக்கும் கேமுக்கும் நடுவில் நாம்தான் சுவர் எழுப்பிவிட்டோம், செய்தவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள்.

இப்போது பிள்ளைகளே அப்படி எழுதலாம். ட்வைன் என்று ஒரு மென்பொருள், 2009-ல் கிரிஸ் கிளைமஸ் உருவாக்கியது. இலவசம், உலாவியிலேயே வேலை செய்யும், தமிழிலும் தட்டச்சு செய்யலாம். ஒரு பெட்டியில் ஒரு பத்தி, அதிலிருந்து இரண்டு வழி, ஒவ்வொன்றும் இன்னொரு பெட்டி. நான் வகுப்பில் செய்யச் சொன்னபோது, கட்டுரை என்றால் அரைப் பக்கத்தோடு நிறுத்துகிறவர்கள் இருபது பெட்டிக்கு மேல் போனார்கள். எல்லாம் நல்ல எழுத்து என்று சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் நாயகன் செத்துப் போகும் முடிவுகள்தான். ஆனால் ஒருத்தியின் கதை சிக்கிக்கொண்டது. காட்டில் வழி தவறியவள் இரவில் திசையை எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தானே எழுந்து நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகத்தைத் தேடிப் போனாள். நான் எதுவும் சொல்லவில்லை.


நூலகத்துச் சாவி (ஆறு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கன்சோல் வரவில்லை. வேறு செலவுகள் முந்திக்கொண்டன. எங்களிடம் இருந்த ஒரு பழைய கணினியும் ஜன்னல் ஓரத்துத் தட்டும்தான். ‘15 அலமாரி = ?’ தாளுக்குக் கீழே முதல் நாளே யாரோ ‘46’ என்று எழுதியிருந்தார்கள். இன்னொருவர் அதை அடித்துவிட்டு ‘மேசையைச் சேர்க்காமல் 45’ என்று திருத்தியிருந்தார். மூன்றாம் நாள் அந்தத் தாளில் இடம் இல்லை.

இரண்டு வாரம் தம்பி சொன்னபடி புத்தகப் பேச்சையே எடுக்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது, கை தட்டுப் பக்கமே போகும். கேள்விதான் கேட்டேன். எனக்கு எதுவும் தெரியாது என்பதால் கேள்விக்குப் பஞ்சமில்லை. அப்சிடியன் என்ற கருப்புக் கல்லை வெட்டி எடுக்கக் குறைந்தது வைரக் கருவியாவது வேண்டும் என்று அவர்கள் சொன்னபோது, நிஜத்தில் அது அவ்வளவு கடினமா என்று தெரியாமல்தான் கேட்டேன். மூன்று பேர் 549-ஐப் பிரித்தார்கள். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, அப்சிடியன் 5-ஐச் சற்றே தாண்டும், எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து உண்டான கண்ணாடி, தட்டினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். “சார், கேம் தப்பு!” என்று ஒருத்தன் கத்தியதில் நூலகமே திரும்பிப் பார்த்தது. இப்போது சுவரில் ‘கேம் சொன்னது, புத்தகம் சொன்னது’ என்று இரண்டு பத்தி ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீரும் எரிமலைக் குழம்பும் சந்தித்தால் அப்சிடியன் உண்டாகும் என்று கேம் சொல்வது அவ்வளவு தப்பில்லை என்று அதில் இன்னொருத்தி வாதாடியிருக்கிறாள்.

இரவல் பதிவேட்டைப் பார்த்தால் பெரிய வெள்ளமெல்லாம் இல்லை. அந்த வகுப்பிலிருந்து புதிதாகப் புத்தகம் எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சிலர் தட்டைத் தொடவே இல்லை, கணினி நேரம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். பரவாயில்லை, வந்துகொண்டாவது இருக்கிறார்கள்.

பொருளடக்கப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 652.8-ல் இருந்த ரகசிய எழுத்துப் புத்தகத்தை நின்றபடியே அரை பீரியட் வாசித்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-கிந்தி என்ற அறிஞர், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே ரகசியத்தை உடைக்கலாம் என்று கண்டுபிடித்த இடத்தில் நின்றுவிட்டான். “சார், இதே மாதிரி தமிழுக்குச் செய்ய முடியுமா?” என்றான். 247 எழுத்துக்கும் ஒவ்வொரு குறி போட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று இருவரும் யோசித்தோம். மறுநாள் அவனே விடையோடு வந்தான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31 குறி போதும். உயிர்மெய்யை இரண்டாகப் பிரித்து எழுதிவிடலாம், ‘கா’ என்றால் ‘க்’ குறியும் ‘ஆ’ குறியும். இலக்கண வகுப்பில் இதைத்தானே வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு ஒரு பக்கத்தை எடுத்து எழுத்தெழுத்தாகப் பிரித்து எண்ணினான். உயிர்களில் அகரம்தான் முந்தி நின்றது. இரண்டு பீரியட் ஆயிற்று, தலை நிமிரவில்லை. எண்ணுவதற்கு அவன் எடுத்த பக்கம் ஒரு கதையின் நடுப்பக்கம். எண்ணி முடித்ததும் அந்தக் கதையையும் எடுத்துக்கொண்டு போனான். முன்னால் என்ன நடந்தது என்று தெரியாமல் இருக்க முடியவில்லையாம்.

நேற்று அதைத் திருப்பிக் கொடுத்தான். உள்ளே ஒரு சீட்டு, முழுக்க அவன் உண்டாக்கிய குறிகளில். ராத்திரி உட்கார்ந்து அகரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.


கடைசி பெஞ்ச் 16

சார், சீட்டில் என்ன எழுதியிருந்தது?


நூலகத்துச் சாவி

‘இதற்கு அடுத்த பாகம் இருக்கா’.

இல்லை, அந்தக் கதை ஒரே பாகம்தான். அதே சாயலில் வேறொன்றைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், உள்ளே பதில் சீட்டும் அவன் குறியிலேயே எழுதி வைத்தாயிற்று. இரண்டு இடத்தில் பிழை இருக்கும், திருத்தட்டும்.

ரகசிய எழுத்துகளைப் பற்றித் தமிழில், 13, 14 வயதுப் பிள்ளை தனியாக வாசிக்கும்படி ஏதாவது நூல் யாருக்காவது தெரியுமா? எங்களிடம் இருப்பது ஆங்கிலப் புத்தகம் ஒன்றுதான். அதற்கு இப்போது நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.